ஆசீர்வாதம் சொல்லாத ஆராதனை

“பேசாம கட்டிலையும் கோயிலுக்கே தூக்கிட்டுப் போயிடேன்” என்றான் ருலோஃப், ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே. “நடுவுல எதுக்கு இந்தப் பக்கம் வந்து போறே?”

யான்டினா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். புருஷனோடு சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும். விடிந்ததிலிருந்து வீடு வீடாக சைக்கிளில் போய், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டித் துடைத்து, வீங்கின கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அது அவள் பிழைப்பு. மதியத்துக்குமேல் கோயிலில், அதாவது எங்கள் தேவாலயத்தில், அவள் முறை. பட்டாணி சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு, ஈரம் காயாத மழைக்கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நல்ல காரியம்தான். யார் இல்லையென்றார்கள்? ஆனால் நல்ல காரியம் செய்தாலும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

விஷயம் இதுதான். ஃபர்ஸானா என்ற ஈரான்காரியும் அவள் மகள் நிலுஃபரும் எங்கள் ஊரில் நாலைந்து வருஷமாக இருக்கிறவர்கள். ஃபர்ஸானா தன் ஊரில் ஒளிந்து ஒளிந்து கர்த்தரை அறிந்து கிறிஸ்தவளானவள். அதற்காகவே அவள் புருஷன் அங்கே சிறையில் கிடக்கிறான். திரும்பிப் போனால் இவளுக்கும் அதே கதிதான். ஆனால் இங்கே விசாரித்த அதிகாரிகள், உன் விசுவாசம் நம்பும்படியாக இல்லை, கிளம்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைப் பிடித்து விமானம் ஏற்ற போலீஸ் வந்த அன்றைக்கே சபை அவர்களைக் கோயிலுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்து ஆராதனையை ஆரம்பித்துவிட்டது. ஆராதனை நடக்கும்போது போலீஸ் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. அது இந்த நாட்டுச் சட்டம். ஆகவே ஆராதனை முடியக்கூடாது. இரவும் பகலும் யாராவது ஒருவர் ஜெபிக்க வேண்டும், வாசிக்க வேண்டும், பாட வேண்டும். பக்கத்து அறையில் அவர்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்க, இந்தப் பக்கம் ஆராதனை ஓடிக்கொண்டே இருக்கும். மேலதிகாரிகள் மனம் இளகும்வரைக்கும்.

“விசுவாசத்த எந்தத் தராசுலய்யா நிறுத்தாங்க?” என்று சபைக் கூட்டத்தில் மேசையைத் தட்டினவள் இந்த யான்டினாதான். அப்போது அவளுக்கு அப்படி ஒரு ஆவேசம்.

முதலில் கூட்டமான கூட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், தூர ஊர்களிலிருந்து போதகர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள், பெண்கள் தட்டுத் தட்டாக ஆப்பிள் கேக் கொண்டுவந்தார்கள். பிறகு கேக் நின்றது. கிறிஸ்துமஸ் போயிற்று, பனி போயிற்று, மழை வந்தது. பாதி ஊருக்குக் காய்ச்சல், மீதிப் பாதிக்கு ஆடு குட்டி போடுகிற காலம். ஆர்கன் வாசிக்கிறவரும் படுத்துவிட்டார். பாரமெல்லாம் சிலர் தலையில் வந்து விழுந்தது. அந்தச் சிலரில் யான்டினா முதல் ஆள். அவள் முறைக்கார மூப்பர், அதாவது முறை வைத்து ஆராதனையைக் கவனித்துக்கொள்ளச் சபை நியமித்தவள்.

வாசலுக்கு எதிரே போலீஸ் வேன் நின்றிருந்தது. அதன் ஓரத்தில் மழையில் நனைந்தபடி நின்றவன் போலீஸ்காரன் யுரியன். அவளிடம் ஞாயிறு வகுப்பில் படித்தவன்.

“அத்தை, இன்னிக்கு வண்டிக்குள்ள பெரிய அதிகாரி வந்து உக்காந்திருக்காரு” என்றான் மெல்ல. “பாத்து நடந்துக்குங்க.”

“அவருக்கும் காய்ச்சல் வரலயா?”

“வந்தாலும் என்னையத்தான் நிக்க வைப்பாரு.”

“வகுப்புல உன்னை நிக்க வெச்சேன், இப்பவும் நிக்கிறே. உட்கார உனக்குக் குடுத்து வெக்கலடா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவனும் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே உள்ள நடையில் ஒதுங்கிக்கொண்டான். சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. சத்தம் நின்றால் உள்ளே வரலாம்.

உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. முன்வரிசையில் ஃபர்ஸானா. வேறு யாராவது வருவார்கள் என்று நினைத்தால் யாருமில்லை. கோயில்பிள்ளை வுப்போ, அதாவது மணியடித்துக் கதவு திறந்து தரை கூட்டுகிற மனிதர், பீடத்தின் அருகே நின்று தடித்த குரலில் வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை போலிருக்கிறது. பாதி மனப்பாடம், பாதி சொந்தச் சரக்கு.

யான்டினாவைக் கண்டதும் வாசிப்பை நிறுத்தாமலே கண்ணால் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கிழவர் கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்த போதகர் லுபர்ட். ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆன மனிதர், ஒரு காது சுத்தமாகக் கேட்காது. வேறு யாரும் வர ஒப்புக்கொள்ளாத முறைக்கு, நான் வருகிறேன் என்று எழுந்தவர். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபைகளில் போதகர் பீடம் ஏறுமுன் முறைக்கார மூப்பர் அவருக்குக் கை கொடுப்பார். பீடம் சபையுடையது, இந்த நேரத்துக்கு உம்மிடம் ஒப்படைக்கிறோம் என்று அர்த்தம். கடைசியில் போதகர் கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லி, ஆமென் என்று இறங்கியதும் மூப்பர் மறுபடி கை கொடுப்பார். ஒப்படைத்ததை வாங்கிக்கொண்டோம், ஆராதனை முடிந்தது என்று அர்த்தம். குழந்தைக்கும் தெரியும், அந்த இரண்டாவது கைக்குப் பிறகு கோட்டை மாட்டலாம், காப்பி குடிக்கலாம். இந்த ஓயாத ஆராதனையில் மட்டும் ஆசீர்வாதமும் கிடையாது, இரண்டாவது கையும் கிடையாது. ஒருவர் வாயை மூடுமுன் அடுத்தவர் ஆரம்பித்துவிட வேண்டும்.

யான்டினா கிழவரின் நல்ல காதுப் பக்கம் போய் நின்று கை கொடுத்தாள். “ஐயா, எல்லாம் செய்யுங்க. கடைசியில ஆசீர்வாதம் மட்டும் வேண்டாம். சொல்லிட்டா முடிஞ்சிரும்.”

“தெரியும்மா, தெரியும். பேப்பர்ல படிச்சேன்” என்றார் அவர், அவள் கையைத் தட்டிக்கொடுத்து.

அவர் பிரசங்கம் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். யான்டினாவின் காதில் ஏறவில்லை. பெப்பர்மிண்ட் ஒன்றை வாயில் போட்டு, தூக்கம் வராமலிருக்க நாக்கால் உருட்டினாள். கர்த்தர் தம் ஜனத்தின் நடுவில் இருக்கிறார், இரண்டு மூன்று பேர் கூடினாலும் போதும், நம்மைக் கைவிடுகிறவர் அல்ல என்று கிழவர் சொல்லிக்கொண்டே போனார். இதையேதான் இவளும் இத்தனை வாரமாக அதே இடத்தில் நின்று எத்தனையோ தரம் வாசித்திருக்கிறாள். முதல் வாரம் ஒவ்வொரு சொல்லையும் ருசித்து வாசித்தாள். இப்போது கடைச் சாமான் பெயர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று மனதுக்குள் சொன்னாள். பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று பெயர், எதைப் பிடித்திருக்கிறேன் என்றே மறந்துபோயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றும் அவள் மனதில் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசாமல் அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமே. அப்படி நினைத்தாள். நினைத்ததும் ஃபர்ஸானாவின் பின்கழுத்தைப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

வுப்போ சந்தடியில்லாமல் வந்து அவள் காதில் கிசுகிசுத்தார். “அடுத்த குழு வரல. படகுக்காகத் தூக்குன கால்வாய்ப் பாலம் இறங்காம மாட்டிக்கிச்சாம். அந்தப் பக்கம் பஸ்ஸுலயே உக்காந்திருக்காங்க.”

“சுத்தி வரச் சொல்லுங்க.”

“சுத்தி வர்றதுக்குள்ள இருட்டிரும். அதுவரைக்கும் நாமதான். நான் போய் காப்பி போடுறேன், கிழவர் மயங்கி விழுந்துடப்போறாரு.”

அவர் பின்னறைக்குப் போனார். யான்டினா கண்ணை மூடினாள். ஒரு நொடி மூடலாம் என்றுதான் மூடினாள்.

கண்ணுக்குள் ஒரு வெதுவெதுப்பான இருட்டு. அதற்குள் எங்கேயோ பிரசங்கம் தணிந்தது, ஒரு ஜெபம் வந்தது, ஒரு பாட்டின் இரண்டு அடியைக் கிழவர் தனியாகப் பாடினார். பிறகு துணி சரசரத்தது. அங்கியின் கைகள் உயர்கிற சத்தம். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கு ஞாயிறு கேட்ட சத்தம். கூடவே அந்த வார்த்தைகள். ஆயுசு முழுக்கப் பிரசங்கம் செய்த வாய் பிரசங்கம் முடிந்ததும் தானாகப் போய் நிற்கிற இடம் அது ஒன்றுதான். கர்த்தருடைய முகம், கிருபை, சமாதானம் என்று எல்லாம் வந்து, நிறுத்தி, நிதானமாக ஆமென் என்றார் போதகர் லுபர்ட்.

யான்டினாவின் கால்கள் எழுந்தன. அவளாக எழுந்திரிக்கவில்லை, அவள் கால்கள் எழுந்தன. நடந்தாள். இறங்கி வந்த கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

குலுக்கின பிறகுதான் விழித்தாள்.

கோயிலில் ஓசையே இல்லை. இத்தனை வாரத்தில் முதல்முறையாக அந்தச் சுவர்களுக்குள் மழையின் சத்தம் மட்டும் கேட்டது. கிழவரின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. “ஐயோ, அம்மா” என்றார். “நான் என்ன பண்ணிட்டேன்?”

நீங்கள் மட்டுமா என்று சொல்ல நினைத்தாள். தூக்கக் கலக்கத்தில் செய்ததா, இல்லை அந்தப் பாழும் நினைப்பு செய்யவைத்ததா? அவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

கதவு திறந்தது. யுரியன் வாசற்படியில் நின்றான், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட. அவனுக்கும் இந்த வேலையில் சந்தோஷம் ஒன்றும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அத்தை, ஆமென் காதுல விழுந்துச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல. முடிஞ்சுதா?”

ஒரு பொய் போதும். இல்லையடா, மௌன ஜெபம் என்று சொல்லியிருந்தால் அவன் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். போகத்தான் அவனும் ஆசைப்பட்டான். ஆனால் கைகொடுத்து ஆராதனையை முடித்துவைத்த மூப்பர், கை இன்னும் சூடாக இருக்கும்போதே, முடியவில்லை என்று சொல்வதா? எங்கள் ஊரில் வரி கட்டுவதில் பொய் சொல்வார்கள், ஆட்டுக்கு நோய் வந்தால் பொய் சொல்வார்கள். இதில் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்ல யான்டினாவுக்கு நாக்கு எழவில்லை.

“முடிஞ்சுதுடா” என்றாள்.

ஃபர்ஸானா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் யான்டினா தாங்கியிருப்பாள். அது இல்லை.

யுரியன் உள்ளே காலடி வைத்தான். அதே நேரம் பின்னறைக் கதவு படாரென்று திறந்து, கையில் காப்பிக் கூஜாவோடு வுப்போ வந்தார். விஷயம் என்னவென்று அவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய ஆபத்தாக இருந்தாலும் அவர் வாயில் அவர் வேலைதானே வரும்?

“டேய்! கால துடைடா! இப்பத்தான் தரையக் கூட்டினேன்!”

யுரியன் நின்றான். குனிந்து பார்த்தான். மிதியடிக்குத் திரும்பிப் போய், வளர்த்த வளர்ப்பு அப்படி, இரண்டு பூட்ஸையும் நன்றாகத் தேய்க்க ஆரம்பித்தான்.

“ஐயா, ஆரம்பிங்க! புதுசா ஆரம்பிங்க!” என்றாள் யான்டினா கிழவரைப் பிடித்து உலுக்கி. பெரியவருக்கு உதடு துடித்ததே தவிரச் சத்தம் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சரி, நானே சொல்கிறேன் என்று அவள் பீடத்துப் பக்கம் திரும்பினாள். ஆராதனையைத் தொடங்குகிற வாசகம் ஒரே ஒரு வரி. தூக்கத்திலும் சொல்வாள். இப்போது விழித்திருந்தாள், அதனால் வரவில்லை. வானத்தையும் என்று தொடங்க வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது? கால் மணி நேரத்துக்கு முன்னால் இவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தவள் அல்லவா அவள்.

அப்போது ஃபர்ஸானா எழுந்தாள்.

இத்தனை வாரமும் அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்காக மற்றவர்கள் ஜெபித்தார்கள், அவளுக்காக மற்றவர்கள் பாடினார்கள். அவளை முன்னால் வந்து ஒரு வரி வாசி என்று ஒருவரும் சொன்னதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போது அவள் பீடத்தின் கீழே போய் நின்று, வாசலைப் பார்த்துத் திரும்பி, உடைந்த உச்சரிப்பில், ஆனால் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்:

“வானத்தையும் பூமியையும் படைச்சவர் பேர்ல நமக்கு ஒத்தாசை இருக்கு. அவர் என்னைக்கும் உண்மையா இருக்கிறவர். தன் கையால செஞ்சத அவர் விட்டுட மாட்டார்.”

“ஆமென்” என்றார் போதகர் லுபர்ட் பெஞ்சிலிருந்து, அழுதுகொண்டே.

“ஆமென்” என்றார் வுப்போ, கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு.

“ஆமென்” என்றாள் யான்டினா.

“ஆமென்” என்று வாசலிலிருந்தும் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யுரியனின் முகம் காதுவரை சிவந்தது. ஒரு கால் மிதியடியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றான். அந்த வரிக்கு அந்தப் பதிலைச் சொல்லாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. ஞாயிறு வகுப்பில் வேறு எதுவும் ஏறாவிட்டாலும் அது ஏறியிருந்தது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

அவன் தோளில் இருந்த வயர்லெஸ் கருவி கரகரத்தது. “என்னய்யா, நின்னுடுச்சா இல்லையா? ஆள அனுப்பவா?”

யான்டினா அவனையே பார்த்தாள். ஃபர்ஸானா பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கியிருந்தாள்.

“நடக்குது சார்” என்றான் யுரியன். “இப்பத்தான் ஆரம்பிச்சாங்க.”

“இடையில நின்னுதா இல்லையா?”

யுரியன் குனிந்து மிதியடியைப் பார்த்தான். “நின்னுது சார். அப்போ நான் மிதியடில நின்னுட்டிருந்தேன். இப்ப நடக்குது. இப்ப உள்ள போக எனக்கு அதிகாரம் இல்ல.”

மறுபக்கத்தில் என்னமோ திட்டு கேட்டது. அதை வாங்கிக்கொண்டே அவன் பின்னால் நகர்ந்து, வெளியிலிருந்து கதவைச் சாத்தினான். மழையில் போய் அந்தத் திட்டின் மீதியையும் வாங்கியிருப்பான், பாவம்.

ஃபர்ஸானா முதலில் எங்கள் மொழியில் ஜெபித்தாள், பிறகு தன் சொந்த மொழிக்குப் போய்விட்டாள். புருஷன் பெயர் வந்தது. நிலுஃபர் பெயர் வந்தது. அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்த நிலுஃபர் தாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மறுபடி எல்லோருக்கும் புரிகிற மொழிக்கு வந்தபோது ஃபர்ஸானா, வெளியே வண்டியில் இருக்கிறவர்களுக்குக் குளிரும், அவர்களைப் பாரும் என்றாள். பிறகு, “யான்டினா அக்காவ ரொம்பக் களைக்க வெச்சுட்டேன் ஆண்டவரே. எனக்குத் தெரியும். நான் கழுத்துல தொங்குற கல்லு மாதிரி ஆயிட்டேன். அவங்க வெறுத்தாலும் தப்பில்ல. ஆனா அவங்க தினமும் வந்தாங்க” என்றாள்.

யான்டினா பெஞ்சில் உட்கார்ந்தாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள், வெட்கமே இல்லாமல், பிள்ளைகள் அழுகிற மாதிரி. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஃபர்ஸானா வேதத்தைத் திறந்து நிலுஃபரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு அவளிடம் வந்து குனிந்தபோது, விசும்பலுக்கு நடுவே சொல்லியும்விட்டாள்.

“உங்கள கூட்டிட்டுப் போகட்டும்னு நெனச்சேன். உண்மையாவே நெனச்சேன், ஃபர்ஸானா.”

ஃபர்ஸானா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நானும் நெனச்சேன் அக்கா” என்றாள். “எத்தனையோ நாள், கதவத் திறந்துட்டு நானே போயிடலாம்னு. போதும்னு.” தன் கம்பளிச் சால்வையை எடுத்து யான்டினாவின் கால்மேல் போட்டாள். “அடுத்த ஆளுங்க வர்ற வரைக்கும் நானும் என் பொண்ணும் வாசிக்கிறோம். எங்களுக்கு எல்லாம் தெரியும், இத்தன நாளா கேட்டுட்டுத்தானே இருந்தோம். நீங்க தூங்குங்க.”

“மூப்பர் எப்படிம்மா தூங்குறது?”

“நான் இருக்கேன்ல. தூங்குங்க.”

அவள் எழுந்து முன்னால் போனாள். வுப்போ கிழவருக்குக் காப்பி ஊற்றினார், ஃபர்ஸானாவுக்கு ஒரு கோப்பையைப் பீடத்தின் படியில் வைத்தார். நிலுஃபர் சங்கீதத்தை வாசித்தாள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து உச்சரிப்பில், கொஞ்சம் வேகமாக. யான்டினா ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரியோ நாலாவது வரியோ, அதற்குமேல் அவளுக்குத் தெரியாது.